தீர்ப்பை மாற்றிக் கேட்ட என் மகனுக்கு

கண்ணு பிரபு,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நீயும் யாழினியும் கூடத்தில் பாயைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள். அவளுடைய கால் உன் வயிற்றின் மேல் கிடக்கிறது. அதை எடுத்துக் கீழே வைக்க மனமில்லாமல் நீயும் அப்படியே தூங்கிப் போய்விட்டாய். உங்கப்பா வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பாத்திரம் கழுவியாயிற்று, துணி மடித்தாயிற்று, ஆனாலும் சந்தோஷத்தில் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. நேரில் சொல்லத் தொடங்கினால் "சரி உடுங்கம்மா" என்று எழுந்து போய்விடுவாய். எழுதினால் கடைசிவரை படிக்காமல் உன்னால் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

விவாகரத்து ஆன பிறகு முதல்முறையாக உன் மகள் இந்த வீட்டில் தங்கியிருக்கிறாள். யாரிடமும் கெஞ்சாமல், யாரையும் மிரட்டாமல், நீதிமன்றம் மாற்றித் தந்த ஆணையின்படி நீயே பெருந்துறையில் அவள் அம்மா வீட்டுக்குப் போய் அவளைக் கூட்டி வந்தாய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வண்டியிலிருந்து இறங்கியபோது நான் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவே இல்லை. கன்னத்தைத் தொட்டேன், அது மட்டும் தெரியும். உங்கப்பா செய்ததுதான் பெரிய கூத்து. குழந்தை வருகிறாள், தூங்க வேண்டும் என்று மத்தியானமே பின்னால் ஷெட்டில் ஓடிக்கொண்டிருந்த தறி அத்தனையையும் நிறுத்திவிட்டார். பண்டிகை நாளில்கூட நிறுத்தத் தயங்குகிற மனிதர். பக்கத்து வீட்டு சரசு ஓடி வந்து, "ஏனுங்கக்கா, உங்கூட்டுல மட்டும் கரண்டு போயிருச்சுங்களா?" என்று கேட்டாள். "பேத்தி வருது, அதுதான்" என்று அவர் சொன்ன மிடுக்கை நீ பார்த்திருக்க வேண்டும். ஆனால் யாழினி வீட்டுக்குள் வந்து கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, "ஏனுங்கப்பாரு, தறி ஏன் ஓடல?" என்று தாத்தாவிடம் கேட்டாள். "நீ தூங்கோணுமில்ல சாமி" என்றார். "சத்தமில்லாட்டி இது நம்மூடு மாதிரியே இல்லீங்க" என்றாள். அவ்வளவுதான். மனிதர் அடுத்த நிமிஷம் ஷெட்டுக்குள் போய் சுவிட்சைப் போட்டார். சத்தத்துக்கு மேலே சத்தமாகக் கத்திக் கத்திப் பேசிக்கொண்டு சாப்பிட்டோம். அரிசிம்பருப்புச் சோற்றை அவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

'நம்மூடு' என்று அவள் சொன்ன சொல் உன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. நீ அப்போது அவளுடைய பையைத் திறந்து துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாய். விழாமல் போயிருந்தால், இதோ எழுதிவிட்டேன்.

இந்த நாள் வருவதற்குள் நீ பட்டதை நான் அருகிலிருந்து பார்த்தவள். நீயும் சுகன்யாவும் பேசி ஒத்துக்கொண்டுதான் பிரிந்தீர்கள். யாழினி அம்மாவிடம் இருப்பாள், ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை கோயம்புத்தூர் நீதிமன்றத்தில் குழந்தைகளைப் பார்க்கும் அறையில் நீ அவளைப் பார்க்கலாம், காலையில் இரண்டு மணி நேரம் என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போடும்போது அது உனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எப்படியாவது சண்டை முடிந்தால் போதும் என்று இருந்தாய். அந்த அறைக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் உனக்கு அது என்னவென்று புரிந்தது. சுவர் முழுக்க பொம்மைப் படம், மூலையில் பிளாஸ்டிக் சறுக்கு மரம், சுற்றிலும் உன்னைப் போலவே தங்கள் பிள்ளைகளின் எதிரில் என்ன பேசுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் அப்பாக்கள், சில அம்மாக்கள். நாங்கள் வெளியே வேப்பமரத்தடியில் காரில் காத்திருப்போம். நீ வெளியே வந்து, "நல்லா இருக்கறா" என்பாய். அதோடு நம் ஊர் சூலூருக்குத் திரும்புவோம்.

பிறகு அவள் வருவது நின்றது. முதலில் காய்ச்சல் என்றார்கள். அப்புறம் பரீட்சை, அப்புறம் சொந்தத்தில் கல்யாணம். நீ முறை வரும் ஒவ்வொரு சனிக்கிழமையும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, அவளுக்குப் பிடித்த கொய்யாப்பழப் பையோடு போய் உட்கார்ந்து, அந்தப் பையோடு திரும்பி வந்தாய். அந்தப் பழத்தை வீட்டில் யாரும் தொடவில்லை. மாட்டுக்குத்தான் போட்டேன்.

ஒருநாள் உங்கப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "நம்ம புள்ளையக் கூட்டீட்டு வர நாம யாரக் கேக்கோணும்? கெளம்புடா" என்று காரை எடுத்தார். நீ முன் இருக்கையில் உட்கார்ந்தாய். தனியாக விட மனமில்லாமல் நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். பெருந்துறையில் அவளுடைய பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே வண்டி நின்றது. உங்கப்பா எஞ்சினை அணைக்கவில்லை. மணி அடித்தது, பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள். அந்தக் கும்பலில் யாழினி, சுகன்யாவின் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். அவளைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. நீ கதவுப் பிடியில் கை வைத்தாய். உங்கப்பா, "போ, போய்த் தூக்கீட்டு வா" என்றார். நீ கையை எடுத்துவிட்டுத் தலையைக் குனிந்து இருக்கைக்குக் கீழே சரிந்துகொண்டாய்.

"வண்டிய எடுங்கப்பா. அவ என்னயப் பாத்துட்டா அப்பறம் எறங்காம இருக்க என்னால முடியாது."

"எறங்கத்தான வந்தம்?"

"அவளுக்கு முன்னால அவ அப்பிச்சி கைய நான் பிடுங்கி உடோணுங்களா? சிரிச்சுட்டு வாராங்கப்பா. எடுங்க."

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தோம். உங்கப்பாவுக்கு உன்மேல் கோபம். எனக்கு அழுகை. ஆனால் கண்ணு, அன்றைக்கு உன்னைப் பெற்றதற்காக நான் மனசுக்குள் பட்ட பெருமையை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. தன் பிள்ளையைக் கண்ணெதிரே பார்த்துவிட்டுக் கீழே குனிந்துகொள்வது கோழைத்தனம் என்று ஊரில் நாலு பேர் சொல்லலாம். நான் பக்கத்தில் இருந்தவள். உன் தோள் நடுங்கியதைப் பார்த்தேன்.

அடுத்த வாரமே நீ ஒரு வக்கீலம்மாவிடம் போனாய். என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். அவர் உன் தீர்ப்பை வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னதை நான் மறக்க மாட்டேன். "கொழந்தை விஷயத்துல தீர்ப்புங்கறது கல்லுல வெட்டுனது இல்லீங்க. ஆணை இருந்தும் நடக்கலைன்னா, நடத்திக் குடுங்கன்னு ஒரு மனு போடலாம். நெலமை மாறிப் போயி ஆணையே இப்பப் பொருந்தலைன்னா, மாத்திக் குடுங்கன்னும் கேக்கலாம். உங்களுக்கு எது வேணுங்க?" நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டும் வேணுங்க" என்றாய். அவர் சிரித்துவிட்டார். இன்னொன்றும் கேட்டார், கொஞ்சம் கடுமையாகவே. "நடுவுல நீங்களா எதுவும் செஞ்சு போடலீங்களே? ஸ்கூலுக்குப் போறது, தூக்கீட்டு வர்றது?" நீ என் முகத்தைப் பார்த்தாய். "வாசல்வரைக்கும் போனோமுங்க. திரும்பி வந்துட்டோம்" என்றாய். "திரும்பி வந்ததுனாலதான் இப்ப நாம நிமிந்து நின்னு கேக்க முடியுது" என்றார் அவர். வீட்டுக்கு வந்து இதை உங்கப்பாவிடம் சொன்னேன். அவர் தறி நூலை அவிழ்ப்பதும் முடிவதுமாகவே இருந்தார்.

விசாரணை நாளில், குழந்தை வந்து தங்கப்போகிற வீட்டின் பெரியவர்கள் என்று எங்களையும் உள்ளே கூப்பிட்டார்கள். சுகன்யா எதிர்ப்பக்கம் நின்றாள். இளைத்துப் போயிருந்தாள். அவள் பக்கத்து வக்கீல் காய்ச்சல், பரீட்சை என்று ஆரம்பித்ததும் நீதிபதி கையை உயர்த்தி நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக் கேட்டார்.

"நீங்க சொல்லுங்கம்மா. ஏன் கூட்டிட்டு வரலை?"

அவள் முதலில் தரையைப் பார்த்தாள். பிறகு பேசினாள். "நான் இப்ப பெருந்துறையில கார்மென்ட்ஸ் கம்பெனியில இருக்கறனுங்க ஐயா. சனிக்கெழமையும் வேலை. லீவு போட்டுப் போட்டு, இனிப் போட்டா வேலை இல்லைன்னு சொல்லிட்டாங்க. எங்கண்ணன் கொஞ்ச நாள் பஸ்ஸுல கூட்டீட்டு வந்துச்சு, அப்பறம் கோர்ட்டுப் படி ஏற மாட்டேன்னுருச்சு. பாப்பாவுக்கு அத்தன தூரம் பஸ்ஸு ஒத்துக்கறதில்லீங்க, வாந்தி எடுத்துரும். வெள்ளிக்கெழமை ராத்திரியே அழுவ ஆரம்பிச்சுரும். புள்ளையக் காட்டக் கூடாதுன்னு நான் நெனைக்கலீங்க. அந்த ரூமுக்குக் கூட்டீட்டு வரத்தான் முடியல."

"அதை அவருக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே?"

"பேசுனா மறுபடி சண்டை வந்துருமோன்னு பயமுங்க. அதுனால காய்ச்சல்னு சொல்லிப் போட்டேன்."

நீதிபதி அவளைச் சும்மா விடவில்லை. "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா ஆணையை நீங்களே மாத்திக்க முடியாது. முடியலைன்னா இங்க வந்து மாத்தச் சொல்லிக் கேட்டிருக்கணும். ஒரு அப்பா அங்க வந்து வந்து காத்திருந்துட்டுப் போயிருக்காரு" என்று சொன்னார். அவள் தலையைக் குனிந்தாள். உங்கப்பா என் பக்கம் சாய்ந்து, "இப்ப மாட்டுனா" என்று முணுமுணுத்தார். நானும் உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் நெஞ்சு கொஞ்சம் குளிர்ந்தது. அப்போது நீதிபதி உன் பக்கம் திரும்பினார். ஆணையை மீறினால் அதற்கான நடவடிக்கை இருக்கிறது, நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்றார்.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நடவடிக்கை வேண்டாமுங்க ஐயா. அவங்கள வேலைய உடச் சொல்லியும் நான் கேக்கல. ஆணைய மாத்திக் குடுங்க, நானே பெருந்துறைக்குப் போயிக் கூட்டீட்டு வாரேன், நானே கொண்டுபோய் உடறேன். ஆனா மாத்துன ஆணை நடக்கோணுமுங்க. வர முடியாதுன்னா மொதநாளே சொல்லோணும். அந்த நாளுக்கு வேற நாள் குடுக்கோணும். காய்ச்சலுன்னு பொய் சொல்லக் கூடாதுங்க, நெஜமாவே காய்ச்சலோன்னு நான் தூங்காம கெடந்தனுங்க."

சுகன்யா தலையைத் தூக்கி உன்னைப் பார்த்தாள். அதுவரை அவள் உன்னைப் பார்க்கவே இல்லை.

பிறகு நீதிபதி யாழினியைத் தன் அறைக்குள் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அந்த நேரம் முழுவதும் தாழ்வாரத்தில் நம் குடும்பம் ஒரு பெஞ்சிலும் அவர்கள் குடும்பம் எதிர் பெஞ்சிலும் உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்து அவர் சொன்னது ஒன்றுதான். "கோர்ட்டு அறையில அப்பா வாட்ச்சையே பாத்துட்டு இருப்பாரு, அவங்க வீட்டுல பாக்க மாட்டாருன்னு உங்க பொண்ணு சொல்றா." நீ உன் மணிக்கட்டைப் பார்த்தாய். அன்றே அந்த வாட்ச்சைக் கழற்றி அலமாரியில் வைத்தாய்.

மாற்றிய ஆணை வந்த நாளன்று நீ அதை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாய். மாதம் இரண்டு முறை வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை ஆறு மணிவரை, முழுப்பரீட்சை லீவில் பாதி, மற்ற நாட்களில் போனில் முகம் பார்த்துப் பேசலாம், தவறினால் மாற்று நாள். கடைசியில், குழந்தை வளர்ந்து சூழ்நிலை மாறும்போது இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் மறுபடி வந்து கேட்கலாம் என்று இருந்ததே, அந்த வரியை நீ வேகமாகப் படித்துவிட்டுப் போனாய். அதை மட்டும் மறக்காதே. நாளைக்கு அவளுக்குப் பத்தாவது வரும், டியூஷன் வரும். உனக்கு வேறொரு கல்யாணம் அமையலாம், சுகன்யாவுக்கும் அமையலாம். யாராவது வேறு ஊருக்கு வேலைக்குப் போவீர்கள். அப்போதெல்லாம் இந்த ஆணை சட்டையைப் போல இறுக்கிப் பிடிக்கும். பிடித்தால் கிழிக்காதே, சத்தமில்லாமல் பொத்தானைக் கழற்றிவிட்டும் திரியாதே. போய்க் கேள். ஒருவர் அதைத் தன் வசதிக்கு வளைத்ததில்தான் நீ அத்தனை சனிக்கிழமையை இழந்தாய். நாம் வளைத்திருந்தால், பள்ளிக்கூட வாசலில் மொத்தத்தையும் இழந்திருப்போம்.

நேற்று நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு நீ இருந்தாய். விமானப்படைத் தளத்துக்கு வந்த விமானத்துக்கு மொட்டை மாடியில் நின்று கை காட்டிக்கொண்டிருந்த குழந்தையிடம் உங்கப்பா மெதுவாக, "அங்க உங்க மாமன் உன்னய அடிக்கறானா சாமி?" என்று ஆரம்பித்தார். நீ உடனே, "அப்பா, கீழ போயித் தண்ணி மோட்டாரப் பாருங்க" என்று அனுப்பிவிட்டாய். அவர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் நீ செய்ததுதான் சரி. அந்த வீட்டுக் கதை அந்த வீட்டில் இருக்கட்டும். அவளாக வந்து சொன்னால் காது கொடு, நீயாகத் தோண்டாதே. இரண்டு வீட்டுக்கும் நடுவே சேதி சுமக்கிற வேலை அந்தப் பிஞ்சுக்கு வேண்டாம்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. நீ அவளை டவுனுக்குக் கூட்டிப்போய் வந்து குளிக்கப் போயிருந்த நேரம், உன் போன் எடுக்கவில்லை என்று சுகன்யா என் போனுக்குக் கூப்பிட்டாள். இத்தனை காலத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன். என்னை எப்படிக் கூப்பிடுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு, "அத்தைங்க" என்றாள்.

"சொல்லு கண்ணு."

"பாப்பா ராத்திரி கால் வலிக்குதுன்னு சொல்லுமுங்க. தைலம் பையில சின்ன ஜிப்புக்குள்ள வெச்சிருக்கறனுங்க. சொல்ல மறந்துட்டேன்."

"தேச்சு உட்டுட்டுத்தான் நேத்துத் தூங்க வெச்சான். நீ வெசனப்படாத." அதோடு போனை வைத்திருக்கலாம். வாய் நிற்கவில்லை. "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டேன்.

"சாப்டனுங்க அத்தை" என்று சொல்லி வைத்துவிட்டாள். குழந்தையில்லாத அந்த வீடு அவளுக்கு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? நம் வீடுதான் அப்படியே கிடந்ததே.

இப்போது உங்கப்பா வந்து, "மேக்கால மழை இருட்டிக்கிட்டு வருது, கொழந்த அசந்து தூங்குது. லேட்டாவுமுன்னு ஒரு மெசேஜ் போட்டாப் போச்சு, தூங்கட்டும் புள்ள" என்கிறார். எனக்கும் அதே ஆசைதான். அந்தக் காலை உன் வயிற்றிலிருந்து எடுக்க யாருக்கு மனசு வரும்? ஆனால் ஆறு மணி என்றால் ஆறு மணி. வாசலில் நின்று வழி பார்ப்பது என்னவென்று நீ அறிந்தவன். அதை இன்னொருத்திக்குக் கொடுக்க வேண்டாம். எழுதுவதை நிறுத்திவிட்டு உன்னை எழுப்பப் போகிறேன்.

*

மணி ஏழு தாண்டிவிட்டது. எழுப்பினதும் அவள் அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. "ஆத்தா, என்ற செருப்ப இங்கயே வெச்சுட்டுப் போறேன், எடுத்துப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஷூவைப் போட்டுக்கொண்டாள். நீங்கள் கிளம்பிய பிறகு நல்ல மழை. நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். நீ கூப்பிட்டதும் உன் குரலைக் கேட்டு முதலில் பதறிவிட்டேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. ஆறு மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்தாய். சுகன்யா குடையோடு வாசலில் நின்றாள். குழந்தையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவளே கூப்பிட்டுச் சொன்னாளாம்: "அடுத்த தடவ வெள்ளிக்கெழமை ஸ்கூல் லீவுங்க. வேணும்னா வியாழக்கெழமையே வந்து கூட்டிக்கங்க. ஒரு நாள் சேத்தி இருக்கட்டும்." நீ தலையை ஆட்டிவிட்டு வந்தாயாம்.

கண்ணு, அந்த ஒரு நாளுக்கு நாம் மனுப் போடவில்லை. அதை யாரும் நம்மிடம் திருப்பிக் கேட்கவும் முடியாது. ஆனால் வெறும் நல்ல மனசினால் மட்டும் வந்த நாள் என்றும் நினைத்துவிடாதே. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி எழுதி வைத்த ஓர் ஆணை இருந்ததால்தான் அவளுக்கு உன்மேல் இருந்த பயம் போயிற்று, உனக்கு அவள்மேல் இருந்த கோபம் போயிற்று. எழுதியதை ஒழுங்காக நடத்து. எழுதாததைத் தந்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள். நீயும் ஒருநாள் அதுபோல் கொடு.

நான் போனை வைத்ததும் உங்கப்பாவிடம் சொன்னேன். அவர் முதலில் சரசு வீட்டுக்குப் போய்ச் சொன்னார், அப்புறம் எதிர் வீட்டுக்கு. இப்போது குடையைப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் போய் நிற்கிறார். "ஏனுங்க, மழையில ஏன் நிக்கறீங்க? பாப்பா வரலீங்க, அவன் மட்டுந்தான் வாரான்" என்று இங்கிருந்தே சத்தம் போட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும் புள்ள. எம்பட பையன் வாரானில்ல, அதுதான் நிக்கறேன்."